மாமல்லன் பண்ணது நியாயமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கல்கியோட 'சிவகாமியின் சபதம்' நாவல் முடிவு (பல்லவ இளவரசன் மாமல்லனும், சிற்பி ஆயனரோட பொண்ணு, நாட்டியக்காரி சிவகாமியும் சேராம போறது) உங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு சும்மா ஒரு வரி கேட்டு வச்சோம், அவ்ளோதான், பாதிப் பேர் கல்கியைக் கும்பிடறீங்க, மீதிப் பேர் சண்டைக்கு வர்றீங்க. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

நாலு பாகத்தையும் தூக்கம் கெட்டு படிச்சேன். கடைசில பார்த்தா மாமல்லன் பாண்டிய இளவரசியைக் கட்டிக்கிட்டு குழந்தை குட்டியோட இருக்கான். புக்கைத் தூக்கி வீசலாம் போல ஆயிடுச்சு. சேர்த்து வச்சா என்ன குறைஞ்சா போயிடும்? – ஒரு வாசகி, திருச்சி

சேர்த்து வைக்க கல்கிக்கு வழியே இல்லம்மா. இதுக்கு முன்னாடியே 1941ல 'பார்த்திபன் கனவு' தொடரை ஆரம்பிச்சிட்டாரு, அதுல நரசிம்மவர்மனோட, அதான் நம்ம மாமல்லனோட, பொண்ணு குந்தவி வளர்ந்து ஆளாகி நிக்கறா, ஊரே படிச்சாச்சு. அப்புறம் 1944ல சபதத்தை எடுத்து எழுத உக்காரும்போது இவனுக்குக் கல்யாணம் ஆகி குடும்பம் இருக்கணும்ங்கறது முடிவான விஷயம். அந்த மனைவி சிவகாமியா இருந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. ஆனா பல்லவ ராஜ்யம் சாளுக்கியனோட மோதற நேரத்துல தெற்கே பாண்டியன் முதுகுல குத்தாம இருக்கணும், அதுக்கு மகேந்திரவர்மர் கண்ணுல ஒரே வழி கல்யாணம்தான். என்னைக் கேட்டா கோவப்பட வேண்டிய ஆள் மாமல்லன் இல்ல, அவங்கப்பா. கலைன்னா உயிரை விடுவாரு, ஆனா சிற்பி பொண்ணு மருமகளா வரக்கூடாதுன்னு ஆரம்பத்துலேர்ந்தே காய் நகர்த்தறாரு பாருங்க, அதைத் திரும்ப ஒரு தடவை படிங்க. உங்களுக்கு வந்த கோவம் சரியான கோவம்தான், அது வரணும்னுதான் எழுதியிருக்காருன்னு நான் நம்பறேன். கடைசில சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதில ஆடற இடத்துல அப்பரோட 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' பாட்டு வருதே, அங்க மாமல்லன் ஒரு வார்த்தை பேச முடியாம நிக்கறதை விட பெரிய தண்டனை அவனுக்கு வேற என்ன வேணும்.

எனக்கு சிவகாமி மேலதான் கடுப்பு சார். மாமல்லனும் தளபதி பரஞ்சோதியும் வளையல் வியாபாரி வேஷம் போட்டுக்கிட்டு, அவ சிறைப்பட்டிருக்கற சாளுக்கியத் தலைநகர் வாதாபிக்கே வந்து கூப்பிடறாங்க, கம்முன்னு கிளம்பியிருந்தா கதை சுபம். சபதம் கிபதம்னு வீம்பு பண்ணி ஒம்போது வருஷம் போச்சு. – ஒரு வாசகர், சேலம்

வீம்புதான், இல்லங்கல. ஆனா வாதாபியை எரிச்சு அழிச்சாத்தான் இங்கேர்ந்து கிளம்புவேன்கற அந்த சபதம் எங்க வந்துச்சுன்னு மறந்துட்டீங்க. பல்லவ நாட்டுலேர்ந்து பிடிச்சிட்டு வந்த ஜனங்களை நாற்சந்தில நிக்க வச்சு சாட்டையால அடிக்கறாங்க, அதை நிறுத்தணும்னா இவ ஆடணும், சந்திக்கு சந்தி ஆடறா. அரண்மனையில மரியாதையா ஆடின பொண்ணு தெருவுல எதிரிங்க முன்னாடி ஆடிட்டு, ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போயி காஞ்சில என்ன முகத்தோட நடமாடுவா? ஊரைக் கொளுத்தினா அதுல எரியப் போறதும் சாதாரண ஜனம்தானேன்னு நீங்க கேட்டிருந்தா நான் மாட்டிக்கிட்டிருப்பேன். அந்த ஞானம் அவளுக்கே கடைசிலதான் வருது, வாதாபி பத்தி எரியறதைப் பார்த்து அவ சந்தோஷப்படல.

நான் பெங்களூர்ல வளர்ந்த பையன். எங்க ஊர் ஹீரோ, சாளுக்கிய ராஜா புலிகேசியை இப்படி வில்லன் ஆக்கிட்டீங்களே? – ஒரு வாசகர், பெங்களூரு

நியாயமான வருத்தம். வடக்கே ஆண்ட ஹர்ஷரையே நர்மதைக்கு இந்தப் பக்கம் வரவிடாம நிறுத்தின ராஜா அவரு. கர்நாடகாவுல இருக்கற ஐஹொளேல 634ஐ ஒட்டி அவரோட அவைப் புலவர் ரவிகீர்த்தி எழுதின கல்வெட்டைப் பார்த்தா பல்லவன்தான் காஞ்சி மதிலுக்குப் பின்னாடி ஒளிஞ்சவன், நம்ம பல்லவங்க கொடுத்த கூரம் செப்பேட்டைப் பார்த்தா புலிகேசி முதுகு காட்டி ஓடினவன், ஜெயிச்சவன் தன் கதையைத்தான் எழுதுவான். 642 வாக்குல வாதாபி விழுந்தது நிஜம், வாதாபிதான் இப்ப பாதாமி, அங்க பாறையில நரசிம்மவர்மன் பேர்லயே கல்வெட்டு இருக்கு. ஆனா சிற்பிங்க கை காலை வெட்டச் சொன்ன கொடூரம் எல்லாம் நாவலுக்குள்ள மட்டும்தான், சிவகாமி, ஆயனர், புலிகேசியோட இரட்டைப் பிறவியா வர்ற புத்த பிக்ஷு நாகநந்தி இவங்களும் கல்கி மனசுல பிறந்தவங்க. இதைச் சொல்லாம நம்மாளுங்க சரித்திரப் பாடம் மாதிரி புலிகேசியைத் திட்டறது எனக்கும் பிடிக்காது.

அப்ப இலங்கை இளவரசன் மானவர்மனும் கற்பனையோ? – ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

இல்லீங்க, அவர் உங்க ஊர்ப் பக்கத்து நிஜ ஆளு. இலங்கையோட பழைய வரலாற்று நூல் சூளவம்சத்துலயே வருது, நரசிம்மவர்மன் கிட்ட அடைக்கலம் வந்து, கூட நின்னு போர் செஞ்சு, அப்புறம் பல்லவப் படையோட போயி ரெண்டாவது முயற்சில சிம்மாசனம் பிடிச்சவர்.

இழுவை தாங்கல. ஆயனர் வாயைத் திறந்தா அஜந்தா வர்ண ரகசியம்தான். – கல்லூரி மாணவர், மதுரை

ஹாஹா, உலகமே பத்தி எரியும்போதும் பெயின்ட் என்ன கலந்தாங்கன்னு கேக்கற மனுஷன்! வாராவாரம் வந்த தொடர் தம்பி, அத்தியாயக் கடைசில ஒரு கொக்கி போடணும், போன வாரம் விட்டவங்களுக்கு ஞாபகப்படுத்தணும், அதான் மொத்தமா புக்கா படிக்கறப்ப இழுக்குது. காஞ்சி முற்றுகை சமயத்துல வர்ற யோசனைக் கூட்டங்களை வேணா தாண்டிக்கோங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

மாமல்லனை விட நாகநந்தி காதல்தான் உசத்தின்னு என் ஃப்ரெண்ட் சாதிக்கறா. மூணாவது பாகத்துக்குப் பேரே 'பிக்ஷுவின் காதல்'தானே? – ஒரு வாசகி, கோவை

உங்க ஃப்ரெண்டுக்கு வில்லன்னா கொஞ்சம் கிறக்கம் போல. கதாபாத்திரமா பார்த்தா சந்தேகமே இல்ல, புத்தகத்துலயே நாகநந்திதான் பெஸ்ட், காவி போட்டவன் நெஞ்சுல இப்படி ஒரு நெருப்பான்னு 1940கள்லயே எழுதிக் காட்டினது பெரிய விஷயம். ஆனா சிவகாமியோட சம்மதம் என்னன்னு ஒரு இடத்துலயும் கேக்காத ஆளு அவரு, அதைக் காதல்ல சேர்க்க எனக்கு மனசு வரல.

ரெண்டும் இன்னும் படிக்கல. எதை முதல்ல எடுக்கலாம்? – ஒரு வாசகர், விழுப்புரம்

எழுதின வரிசைல பார்த்திபன் கனவு முதல், கதை வரிசைல சபதம் முதல். நீங்க சபதத்தையே எடுங்க, மேல உள்ள பதில்களைப் படிச்சு முடிவு தெரிஞ்சு போயிருந்தா மன்னிக்கணும். படிச்சிட்டு யாரை வேணாலும் திட்டி எழுதுங்க, அந்தப் பாண்டிய இளவரசியை மட்டும் விட்டுடுங்க, இந்தத் தடவை வந்த கடுதாசில பாதி அவளைத்தான் வையுது, பாவம் அவ என்ன பண்ணா?