அண்ணன் காட்டு வழியே கம்பி போகலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்தில் வீடு கட்டியிருக்கிறேன். மின்கம்பம் இருப்பது ரோட்டோரம். நடுவில் பெரியப்பா மகன் காடு. "என் வெங்காயத்து மேல கம்பி போகக்கூடாது" என்று அண்ணன் ஒரே பிடியாக நிற்கிறார். ஈ.பி.யில் அவருடைய சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். இப்போதைக்குக் கிணற்று மோட்டார் சர்வீஸிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறோம். என்ன வழி?

பதில்: முதலில் அந்த ஒயரைக் கழற்றுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். இலவச விவசாய சர்வீஸிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுத்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் சிக்குவீர்கள். எப்போதிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாவிட்டால், சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். நம் பக்கம் இந்த சர்வீஸ்கள் பல தாத்தா பெயரிலேயே கிடக்கும். உங்களுடையதும் அப்படியென்றால் அதில் அண்ணனுக்கும் பாத்தியம் உண்டு. அவர் பக்கம் ஒரு நியாயத்தை நீங்களே சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

இனி கம்பி. கேட்டவருக்கு இணைப்புத் தருவது மின்வாரியத்தின் கடமை என்கிறது அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவு. ஆனால் வீடு தெருவைத் தொடவில்லையென்றால், அடுத்தவர் நிலத்தில் வழி வாங்கித் தர வேண்டியவர் விண்ணப்பதாரர்தான். ஆகவே கடிதம் கேட்டது தப்பில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வண்டி எந்தத் தடத்தில் போகிறது? அதை நீங்கள் எழுதவே இல்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. அது பழைய இட்டேரியாக (இரு பக்க வேலிக்கு நடுவே போகும் ஊர் வண்டித்தடமாக) இருந்தால் வி.ஏ.ஓ.விடம் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்), நில வகை எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அண்ணன் கடிதமே வேண்டாம், கம்பம் அந்த ஓரமாகவே வரலாம். சுற்று வழிக்கான கூடுதல் செலவு உங்களுடையது.

பட்டா நிலத்துத் தடம் என்றால் பாகப்பத்திரத்தை எடுங்கள். பழைய பத்திரங்களில் 'ஆள், வண்டி, கால்நடை போக வர மாமூல் தடப் பாத்தியம்' என்பதோடு நின்றுவிடும். அதைக் கம்பிக்கும் நீட்டிக் கேட்டால் சிவில் கோர்ட்டில் இழுபறிதான். 'மின்கம்பி, குழாய் கொண்டுபோகவும்' என்று ஒரு வரி இருந்தால் கதை வேறு. அந்த நகலை விண்ணப்பத்தோடு வையுங்கள்.

எதுவும் இல்லையா? நில உரிமையாளர் மறுத்தால் கலெக்டரிடம் எழுத்துமூல அனுமதி பெற்று வேலை செய்ய, 2006-ஆம் ஆண்டு மின் உரிமதாரர் பணிகள் விதிகளில் வாரியத்துக்கு இடமுண்டு. நானாக இருந்தால் அதற்கு முன் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவேன். தடத்தோரம் மண்ணுக்கடியில் கேபிள் போட்டுக்கொள்கிறோம் என்றால் வெங்காயத்துக்கு என்ன குறை? ஒத்துக்கொண்டால் வெள்ளைத்தாளோடு விடாமல் பத்திரமாகப் பதிந்துவிடுங்கள். நாளைக்கு அவர் காட்டை விற்றால், வாங்குகிறவர் உங்கள் அண்ணன் இல்லை.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் ஆபீஸில் இழுத்தடித்தால், மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்திலுள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் மனுப் போடுங்கள். விண்ணப்ப ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், இணைப்புத் தர வேண்டிய நாள் கணக்கு அதிலிருந்துதான் ஓடும்.