வேபர்ன் 4டி தரவு: கிணற்றிலிருந்து தள்ளித் தெரியும் திட்டு வாயுதானா?

வேபர்ன் என்பது நிலத்தடியில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தப்படும் கனடா எண்ணெய் வயல்; 4டி என்றால் அதே இடத்தில் காலம் விட்டு மறுபடி எடுக்கும் நில அதிர்வு சர்வே. உட்செலுத்தும் கிணற்றிலிருந்து 2 கி.மீ. தள்ளி, ஒரு சர்வேயிலிருந்து மற்றதைக் கழித்து எடுத்த வித்தியாசப் படத்தில் பளிச்சென்று தெரிகிற திட்டை இப்போதைக்கு கார்பன் டை ஆக்சைடு என்று குறிக்காதீர்கள். பெரும்பாலும் அது இரண்டு சர்வேக்களுக்கு இடையே அலை வந்து சேரும் நேரத்தில் வந்த பிசகு. மேல்மண் ஒருமுறை உறைந்தும் மறுமுறை ஈரமாகவும் இருந்தாலே போதும். 40 ஹெர்ட்ஸில் வெறும் 1 மில்லிசெகண்ட் நகர்ந்தால் என்.ஆர்.எம்.எஸ். (இரண்டு சர்வேக்களும் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) 25% ஆகிவிடும்!

தேக்கத்துக்கு (வாயு செலுத்தப்படும் பாறை அடுக்குக்கு) மேலே, வாயு எட்டாத அடுக்குகளில் 300 மில்லிசெகண்ட் ஜன்னல் (கணக்கிட எடுக்கும் நேரத் துண்டு) வைத்து என்.ஆர்.எம்.எஸ். வரைபடம் போடுங்கள். அங்கேயும் அதே திட்டு வந்தால் கோளாறு தரவில்தான். நேரத்தைத் திருத்தி மறுபடி கழியுங்கள். ஜன்னலைக் கீழே வைக்க வேண்டாம், வாயுவால் வரும் தாமதமும் அதில் கலந்துவிடும்.

மேலே சுத்தமாக இருந்தாலும் அவசரம் வேண்டாம். பக்கத்தில் நீர் செலுத்தும் கிணறு இருக்கிறதா? அதனால் அழுத்தம் ஏறினாலும் அலைவேகம் குறைந்து இதே மாதிரி திட்டு தெரியலாம்.