முகப்பு விளக்கில் ஒட்டிய கருப்பு ஃபிலிமும் ஒரு விபத்து வழக்கும்

கேள்வி: என் காருக்கு 11 வயது. ஹெட்லைட்டின் மேல்மூடி மஞ்சள் பூத்திருந்ததால், 450 ரூபாய்க்கு ஸ்மோக் ஃபிலிம் வாங்கி, ஹேர் டிரையர் சூட்டில் இழுத்து நானே ஒட்டினேன். வாகனச் சோதனையில் அதற்கு இ-சலான் போட்டார்கள். நான் கட்டவும் இல்லை, உரிக்கவும் இல்லை. மூன்று வாரம் கழித்து, இரவு எட்டரை மணிக்கு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெரியவர் மீது கார் மோதி அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. வழக்குப் பதிவாகியுள்ளது. மோட்டார் வாகன ஆய்வாளர் வருவதற்குள் ஃபிலிமை உரித்துவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். கடையில் வெளிப்படையாக விற்கும் பொருள் எப்படிக் குற்றமாகும்? காப்பீடு கிடைக்குமா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஃபிலிமில் கை வைக்காதீர்கள். கார் காவல் நிலைய வளாகத்தில் நின்றாலும் சரி, உங்கள் வீட்டில் நின்றாலும் சரி, ஆய்வு முடிந்து அறிக்கை பதிவாகும் வரை அது அப்படியே இருக்கட்டும். விபத்தில் சிக்கிய வாகனத்தை ஆய்வு செய்யும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆம் பிரிவில் உள்ளது. அதற்கு முன் நீங்கள் உரித்துவிட்டால், ஓரங்களில் ஒட்டியிருக்கும் பசையும், ஏற்கெனவே பதிவான சலான் புகைப்படமும் சேர்ந்து, நீங்கள் எதை மறைக்க முயன்றீர்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 238-ஆம் பிரிவின்கீழ் சாட்சியத்தை மறைத்ததாகத் தனிக் குற்றச்சாட்டு வைக்கவும் வழி பிறக்கும். இப்போது உங்கள் மீதுள்ளவை அதே சட்டத்தின் 281-ஆம் பிரிவும் (பொதுச்சாலையில் அசட்டையாக வாகனம் ஓட்டுதல்), எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் 125(பி) பிரிவுமாகத்தான் இருக்கும். இரண்டுமே பிணையில் விடத்தக்க குற்றங்கள். இவற்றைவிடப் பெரிய சிக்கலை நீங்களே தேடிக்கொள்ள வேண்டாம்.

கடையில் விற்பதால் சாலையில் பயன்படுத்த அனுமதி கிடைத்துவிடாது. 2012-இல் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஃபிலிமைத் தடை செய்தது என்று உங்களிடம் பலரும் சொல்வார்கள். அது முன், பின், பக்கவாட்டுக் கண்ணாடிகளைப் பற்றிய தீர்ப்பு; மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆம் விதியைச் சார்ந்தது. விளக்குக்கு உரியது 105-ஆம் விதி. ஃபிலிம் என்ற சொல்லே அதில் வராது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும், போதிய வெளிச்சம் இல்லாத பிற வேளைகளிலும், முன்னால் 155 மீட்டர் தொலைவில் உள்ள ஆளையும் வாகனத்தையும் தெளிவாகக் காட்டும் விளக்கு எரிய வேண்டும் என்கிறது அந்த விதி. ஆகவே நீதிமன்றம் கேட்கப்போகும் கேள்வி, விளக்கின் மேல் என்ன ஒட்டியிருந்தது என்பதன்று. அந்த விளக்கு எவ்வளவு தூரம் காட்டியது என்பதே. மஞ்சள் பூத்த மூடி ஏற்கெனவே ஒளியைக் குறைத்திருக்கும். அதன் மேல் ஒட்டிய கரும்படலம் மிச்சத்திலும் ஒரு பங்கை விழுங்கியிருக்கும். நான் நடத்திய ஒரு வழக்கில், இப்படி ஃபிலிம் ஒட்டிய காரின் விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்தோம். டிகாஷன் சிந்தியது போன்ற ஒரு பழுப்புத் திட்டுதான் விழுந்தது.

உங்களுக்கு உண்மையில் பாதகமாக நிற்பது நீங்கள் கட்டாமல் விட்ட அந்த இ-சலான்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(1) பிரிவு, குறை இருப்பதை அறிந்தோ, சாதாரணக் கவனத்தில் அறிந்திருக்கக்கூடிய நிலையிலோ வாகனத்தை ஓட்டி, அந்தக் குறையாலேயே விபத்து நேர்ந்து உடற்காயம் ஏற்பட்டால், மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. மூன்று வாரம் முன்பே காவல்துறை எழுத்தில் சொல்லிவிட்டதால், எனக்குத் தெரியாது என்று இனி நீங்கள் வாதாட முடியாது. அதே சட்டத்தின் 182-ஏ(4) பிரிவையும் காவல்துறை சேர்க்க முயலலாம். அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்பது அது. உரித்தெடுக்கக்கூடிய ஒரு படலம் வாகனத்தை மாற்றியமைத்ததாகுமா என்று எதிர்வாதம் செய்ய அங்கே இடம் இருக்கிறது என்பது என் கருத்து. சலானில் எந்தப் பிரிவு, எந்த விதி குறிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். 100-ஆம் விதியைக் குறித்திருந்தால் அதை எதிர்க்கலாம். ஆனால் உங்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் கட்டவோ எதிர்க்கவோ வேண்டாம், ஏனெனில் இரண்டுமே இப்போது விபத்து வழக்கில் எதிரொலிக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், விபத்துக்கு ஃபிலிம்தான் காரணம் என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அந்த இடத்தில் தெருவிளக்கு எரிந்ததா, எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள், பெரியவர் எந்த இடத்தில் கடந்தார் என்பவை எல்லாம் உங்கள் தரப்புக்கு உதவக்கூடும். அதே இரவு நேரத்தில் அங்கே சென்று புகைப்படம் எடுத்து வையுங்கள். அருகிலுள்ள கடைகளின் கேமரா பதிவு அழிவதற்குள் அதைப் பாதுகாக்கச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுங்கள்.

காப்பீட்டில் இரண்டு பகுதிகளைப் பிரித்துப் பாருங்கள். காயம்பட்ட பெரியவருக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கக்கூடிய காரணங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவில் எண்ணிச் சொல்லப்பட்டுள்ளன. விளக்கில் ஃபிலிம் ஒட்டியது அவற்றில் இல்லை. அவருக்குப் பணம் கிடைக்க வழி இருக்கிறது, அதற்கு நீங்கள் தடையாக இருக்கக் கூடாது என்பதை ஒரு வழக்கறிஞராக அல்ல, ஒரு மனிதனாகவே சொல்கிறேன். உங்கள் காரின் சேதத்துக்கான கோரிக்கை வேறு. வாகனத்தைத் திறம்பட இயங்கும் நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பாலிசியில் இருக்கும். அதைக் காட்டி நிறுவனம் மறுக்கலாம் அல்லது தொகையைக் குறைக்கலாம். மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

ஆய்வு முடிந்து, கார் உங்கள் கைக்கு வந்து, வழக்கறிஞரும் சரி என்ற பிறகு, அதே ஹேர் டிரையர் சூட்டில் ஃபிலிமை மெல்ல உரியுங்கள். மஞ்சள் பூத்த மூடியை நீரில் நனைத்த நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புறஊதாக் காப்புப் பூச்சு கொடுத்தால் தெளிவு பெருமளவு திரும்பும். பூச்சை விட்டுவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகும். செய்த வேலைக்கான ரசீதைக் கோப்பில் வையுங்கள்.