நைமேகனுக்கு வரலாமா என்று கேட்ட தங்கைக்கு

சென்னையில் வைவாக்ஸ் என்ற கிருமி வகையால் வரும் மலேரியாவில் பிஎச்.டி. முடித்த ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: "அக்கா, நெதர்லாந்தில் நைமேகனில் மலேரியா பரவுவதைத் தடுக்கும் தடுப்பூசி ஆய்வில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கிடைத்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம். கணவர் ஐ.டி.யில் இருக்கிறார், பெண்ணுக்கு மூன்று வயது. குடும்பத்தோடு வரலாமா? சம்பளம் கட்டுப்படியாகுமா? வேலை எப்படி இருக்கும்?"

வாங்க. ஆனால் கையெழுத்துப் போடும் முன் பேராசிரியரிடம் ஒன்றைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்த இரண்டு வருடத்தில் எந்த ஆய்வுக் கேள்வி என்னுடையது? சம்பளத்தைவிட இதுதான் முக்கியம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் துறையில் வேலையின் தாளத்தைக் கிருமிதான் போடுகிறது.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் கணவரும் படிப்பார் என்பதால் சொல்கிறேன். இந்த வகைத் தடுப்பூசி, போட்டுக்கொண்டவரை மலேரியாவிலிருந்து காப்பாற்றாது. அவர் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தோடு கொசுவின் வயிற்றுக்குள் போய், அங்கே கிருமி கருவுறாமல் தடுக்கும். அவரைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகாது. கோழி மலேரியாவில் இது நடக்கும் என்று 1976இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் இந்த வகையில் இன்றுவரை ஒரு தடுப்பூசிகூட உரிமம் பெறவில்லை. வேறு வகை மலேரியாத் தடுப்பூசிகளான ஆர்டிஎஸ்,எஸ் 2021இலும் ஆர்21 2023இலும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றுவிட்டன. அவை போட்டுக்கொண்ட குழந்தையையே காப்பவை, பலனை அளப்பது சுலபம். நம்முடையதில் ஊரே போட்டுக்கொண்டால்தான் பலன் தெரியும். அதனால் இரண்டு வருடத்தில் ஒரு மருந்தைப் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள்.

இனி வேலை. ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமியின் கேமிட்டோசைட், அதாவது கொசுவுக்குள் போய்க் கருவுறும் பருவம், முற்ற ஏறக்குறைய இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் நாள் தவறாமல் வளர்ப்பு ஊடகம் (கிருமி வளரும் சத்துத் திரவம்) மாற்ற வேண்டும், ஞாயிறு தீபாவளி பார்க்காது. முற்றியதும் மனித ரத்தத்தோடும் சோதிக்க வேண்டிய எதிர்ப்புப் புரதத்தோடும் கலந்து, வெந்நீர் ஓடும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அடியில் மெல்லிய சவ்வு கட்டி, பட்டினி போட்ட கொசுக்களின் கோப்பை மேல் வைப்போம். கால் மணி நேரத்துக்குள் வயிறு சிவந்து தொங்கும். குடிக்காதவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மற்றதை ஒரு வாரம் காப்பறையில் வைக்க வேண்டும். அப்புறம்தான் அறுவை. கோப்பைக்கு இருபது கொசு. ஒவ்வொன்றாகச் சிவப்புச் சாயத் துளியில் வைத்து, ஊசியால் மார்பை அழுத்தி, வால் நுனியை இடுக்கியால் இழுத்தால் குடல் முழுசாக வரும். அதன் சுவரில் கட்டியிருக்கும் ஊசிஸ்ட் உருண்டைகளை, அதாவது கருவுற்ற கிருமி வளரும் கூடுகளை, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். கழுத்து வலி நிச்சயம்.

ஆக ஒரு சுற்று மூன்று வாரம். எதிர்ப்புப் புரதம் சேர்க்காத ஒப்பீட்டுக் கோப்பையிலேயே ஊசிஸ்ட் சரியாகக் கட்டவில்லை என்றால் அந்தச் சுற்று குப்பைக்கு. சுற்றுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஓட்டலாம்தான், ஆனால் இரண்டு வருடம் எவ்வளவு குறுகியது என்று இப்போது புரியும். மூன்று வருடம் கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், பணம் எந்த மானியத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. சனி ஞாயிறு வளர்ப்பை யார் பார்ப்பார்கள், முறை வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்காரி கேட்க வேண்டிய கேள்வி இது, கூச்சப்படாதீர்கள்.

இன்னொரு விஷயம். இந்தக் கொசுச் சோதனையை நம்பகமாகச் செய்யும் இடங்கள் உலகத்தில் கொஞ்சம்தான், அதில் நைமேகன் பேர்போனது. 1980களில் இங்கே கேமிட்டோசைட் வளர்ப்பு முறையை எழுதிய கட்டுரைகளில் முதல் பெயர் பொன்னுத்துரை என்று இருப்பதைப் பார்த்து எனக்கு ஒரு தனி சந்தோஷம். கையாளும் என்எஃப்54 என்ற ஃபால்சிபாரம் கிருமி வகையும் நெதர்லாந்தில் ஸ்கிபோல் விமான நிலையத்தின் பக்கம் இருந்த ஒரு நோயாளியிடமிருந்து எடுத்ததுதான். அந்தப் புகழ் இருப்பதாலேயே இப்படிப்பட்ட ஆய்வகங்களுக்கு வெளியிலிருந்து சோதனைக்கு மாதிரிகள் வரும். கைப்பக்குவம் உள்ள ஒரு போஸ்ட்டாக் வந்தால் அவர் தலையில் அது மொத்தமும் விழும். ஒப்பந்தம் முடியும்போது பதினைந்து பெயர்களுக்கு நடுவில் உங்கள் பெயர் இருக்கும், முதல் பெயராக ஒரு கட்டுரையும் இருக்காது. வேறொரு ஊரில், வேறொரு ஆய்வகத்தில் ஒரு தோழிக்கு அப்படித்தான் ஆனது.

உங்களிடம் பேரம் பேச ஒன்று இருக்கிறது: வைவாக்ஸ். ஃபால்சிபாரம் போல அதை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க இன்னும் வழியில்லை, நோயாளியின் ரத்தம்தான் வேண்டும். அதில் கேமிட்டோசைட் சீக்கிரமே வந்துவிடும், சிகிச்சைக்கு முன்பே பரவிவிடும். அந்த நோயாளிகளோடு வேலை செய்த அனுபவம் ஐரோப்பாவில் அரிது. 'பிஎஃப்எஸ் 230, பிஎஃப்எஸ் 48/45 (இந்த வகைத் தடுப்பூசி குறிவைக்கும் ஃபால்சிபாரம் புரதங்கள்) வேலையில் கைகொடுக்கிறேன், வைவாக்ஸில் அவற்றுக்கு இணையான புரதங்கள் என் திட்டம்' என்று சொல்லிப் பாருங்கள். கொசுவும் தெரிந்த கொசுதான்: இங்கே வளர்ப்பது அனோபிலிஸ் ஸ்டீபென்சி, சென்னை மாடித் தொட்டிகளில் முட்டையிடும் அதே இனம். 2012இல் ஜிபூட்டியில் தென்பட்டதிலிருந்து ஆப்பிரிக்க நகரங்களுக்கும் அதுவே தலைவலி.

சம்பளம்: இங்கே போஸ்ட்டாக் என்பது உதவித்தொகை இல்லை, வேலை. மே மாதம் 8 சதவீத விடுமுறைப் படி வரும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் வரைக்கும் வரியில்லாமல் கொடுக்கும் சலுகை இருக்கிறது, 2027 முதல் 27 சதவீதம். சேர்ந்த நான்கு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் முதல் நாளிலிருந்தே கிடைக்கும், தாமதித்தால் போனது போனதுதான். நிறுவனமும் நீங்களும் சேர்ந்து போட வேண்டிய மனு அது, மனிதவளத் துறையை முதல் வாரமே பிடியுங்கள்.

கணவருக்குத் தனி வேலை அனுமதி தேவையில்லை, உங்கள் ஆய்வாளர் விசாவோடு அவரும் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். சிக்கல் குழந்தைதான். நான்கு வயதில் பள்ளி, அது இலவசம். அதுவரை காப்பகம், விலை கண்ணைக் கட்டும். அரசு மானியம் பொதுவாகப் பெற்றோர் இருவரும் வேலை பார்த்தால்தான். கணவர் சென்னை வேலையைத் தூரத்திலிருந்து தொடர்வது இந்தக் கணக்கில் சேருமா என்று வரி ஆலோசகரிடம் கேட்ட பிறகு முடிவெடுங்கள். ஒப்பந்தத்தைப் பாப்பாவின் நான்காவது பிறந்தநாள் பக்கம் தொடங்க முடிந்தால் இன்னும் நல்லது.

சாப்பாடு, குளிர், மழையில் சைக்கிள்: பழகிவிடும். ஜெர்மன் எல்லை பக்கத்திலேயே, சனிக்கிழமை பாதி ஊர் அங்கேதான் சாமான் வாங்கும். ஈழத்தமிழர்கள் ஜெர்மனியில் ஹாம் ஊரில் கட்டிய காமாட்சி அம்மன் கோயிலும் காரில் போய்வரும் தூரம், கோடைத் தேருக்குப் போனால் இலை போட்டுச் சாப்பிடலாம்.

வீடு தேடுவதை இன்றே ஆரம்பியுங்கள். முகவரி இல்லாமல் நகராட்சிப் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் அடையாள எண் கையில் வராது, சம்பளம் முதல் காப்பீடு வரை எல்லாம் இழுபறியாகும். பல்கலைக்கழக விருந்தினர் குடியிருப்பில் சில மாதமாவது இடம் தருவார்களா என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள். பேராசிரியர் பதில் போட்டதும் அதை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.