ஒன்றரை லட்சம் கி.மீ. தாண்டிய காருக்கு எதில் முதலில் காசு போடுவது?

கேள்வி: உறவினர் வீட்டு போர்டிகோவில் 2012 மாடல் வேகன்ஆர் பெட்ரோல் கார் இரண்டு வருஷமாகக் கிளப்பாமல் நிற்கிறது. மீட்டரில் 1,60,000 கி.மீ. 80,000 ரூபாய் கேட்கிறார்கள். என்னிடம் மொத்தம் 1,40,000 இருக்கிறது. வாங்கலாமா? வாங்கினால் எங்கிருந்து ஆரம்பிப்பது? (திருச்சி வாசகர்)

பதில்: அடித்தளம் துருப்பிடிக்காமல் இருந்தால் வாங்கலாம். 998 சிசி மூன்று சிலிண்டர் கே10 எஞ்சின் அது. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியது. எஞ்சினை விட பாடியைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். மிதியடிக்குக் கீழே இருக்கும் கார்பெட்டைத் தூக்குங்கள். ஸ்பேர் டயர் குழியில் கை விட்டுத் தடவுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டை உள்பக்கமாக ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாகக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். டிங்கர் தகரம் வைத்துப் பற்றவைத்துத் தருவார், இரண்டு மழைக்காலத்தில் அதன் ஓரம் மறுபடி துருவேறும்.

போய்ப் பார்க்கும் அன்று சாவியைப் போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். இரண்டு வருஷத்தில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் முழுக்க வடிந்திருக்கும். வறண்ட சுவரில் ரிங் உரசினால், இல்லாத கோளாறை நீங்களே உண்டாக்கியது ஆகும். முறை இது: ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள், வயர் கடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் கையால் இரண்டு சுற்று. தடையில்லாமல் சுற்றினால் பாதி கவலை தீர்ந்தது. புது பேட்டரி மாட்டி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே ஐந்தைந்து விநாடியாக செல்ஃப் கொடுங்கள். துளை வழியாக ஆயில் தெறிக்கும், மேலே ஒரு பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், தண்ணீர் அடியில் தங்கும். வார்னிஷ் நாற்றம் அடித்தால் அது பெட்ரோலே இல்லை என்று வையுங்கள். புதிதாக ஐந்து லிட்டர் ஊற்றினால் முதல் ஸ்டார்ட்டுக்குப் போதும்.

ஸ்டார்ட் ஆனதும் முதல் இரண்டு விநாடியில் முன்பக்கம் 'கரகர' என்று சங்கிலிச் சத்தம் வந்து நின்றால், ஆயிலைக் காலத்தில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சத்தம் நிற்கவே இல்லை என்றால் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இரண்டின் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். சாவி போட்டதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆன பின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கை மறைத்திருக்கலாம். எஞ்சின் சூடானதும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டருக்கும் நடுவே சுமார் 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்து, அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்). கிளட்சுக்கு எளிய சோதனை உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு மெதுவாகக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. உறுமிக்கொண்டே நின்றால் தேய்ந்துவிட்டது.

இனி காசு. 80,000 போக 60,000 மீதி. இதில் 40,000 முதல் இரண்டு மாதத்தில் போய்விடும். மீதி 20,000-ஐத் தொடாமல் வையுங்கள், கிளட்ச் செட், ரேடியேட்டர், இன்சூரன்ஸ் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் கேட்கும். கீழே சொல்லும் தொகைகள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்.

முதல் செலவு பிரேக். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே நின்ற காரில் பின்சக்கர ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டாயமாக இழுத்து ஓட்டினால் லைனிங் பிய்ந்து வரும். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டர் ரப்பரை மடக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். முன்பக்கம் காலிப்பர் பின்கள் விரலால் தள்ளினால் நகர வேண்டும். நகராவிட்டால் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கறுத்துப் போனதை டப்பாவில் மேலோடு உறிஞ்சி எடுத்துப் புதிதை ஊற்றுவது பாதி வேலை. தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கி, நான்கிலும் தெளிவான ஆயில் வரும்வரை பிளீடிங் செய்ய, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் சக்கரம் வழியாக வெளியேற்ற, ஒரு லிட்டர் போதும். பேட், ஷூ, சிலிண்டர், கூலி சேர்த்து 6,000 முதல் 7,000.

அடுத்து டயரும் பேட்டரியும்: டயர் நான்குக்கு 13,000, பேட்டரிக்கு 4,000. கூலன்ட், ஹோஸ், ரேடியேட்டர் மூடி, பெல்ட் சேர்த்து 3,500. எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் இரண்டு முறை மாற்ற 3,500. கியர் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் என்று 2,500. முன்பக்கம் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் எண்ட், அலைன்மென்ட் எல்லாம் 6,000 முதல் 8,000 ஆகும். இதைச் செய்யும்போதே ஆக்சில் பூட்டை (ஆக்சில் முனையை மூடும் ரப்பர் உறை) பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது. அப்போதே மாற்றினால் சில நூறு ரூபாயில் முடியும். விட்டால் மணல் புகுந்து, வளைவில் 'டக்டக்' சத்தம் வந்து, ஆக்சிலையே மாற்ற நேரும்.

பெயின்ட், சீட் கவர், மியூசிக் சிஸ்டம் இந்தப் பட்டியலில் இல்லை. விற்கிற தரகர்கள் முதலில் செய்வது அவற்றைத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: கார் வெயிலில் சூடாகிறது. "நம்ம ஊருக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிடலாம் சார்" என்கிறார் மெக்கானிக். கேட்கலாமா? (வேலூர்)

பதில்: வேண்டாம். தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடாக்குவதில்லை, சரியான சூட்டில் நிறுத்துகிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரவே நேரமாகும். கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் தங்கும். சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருந்தால் புதிது மாற்றுங்கள், அது மலிவான பாகம்.

ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகு திறந்து பாருங்கள். தண்ணீர் செங்காவி நிறத்தில் இருந்தால் வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். உப்புப் படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். பழையதை இறக்கி, நல்ல தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி இறக்குங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்ய வேண்டும். கடைசியில் கூலன்ட். 'ரெடி மிக்ஸ்' என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்றுங்கள். கான்சன்ட்ரேட் என்றால் டப்பாவில் சொன்ன விகிதத்தில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்குங்கள். மூடியின் ரப்பர் கெட்டிப் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதித்துவிடும். ஃபேன் ஓடுகிறதா என்பதை ஏ.சி. போட்டே பார்த்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு சூடானால், எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: நிறைய ஓடிய எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் போடச் சொல்கிறார்கள். முதலில் ஃப்ளஷ் ஊற்றிக் கழுவ வேண்டுமா? (தஞ்சாவூர்)

பதில்: கே சீரிஸ் மாதிரி செயின் எஞ்சினில் கையேட்டில் சொன்ன கிரேடையே போடுங்கள். செயின் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. கெட்டி ஆயில் காலையில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். புகை வரும் எஞ்சினில் கெட்டி ஆயில் புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். விற்கிறவருக்கு அது லாபம், உங்களுக்கு இல்லை.

ஃப்ளஷும் வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாகக் களி மாதிரி படிந்திருக்கிற எஞ்சினில் ஃப்ளஷ் ஊற்றினால், அது மொத்தமாகப் பெயர்ந்து கீழே ஆயில் பம்ப் வடிகட்டியில் போய் அடைக்கும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி 1,000 கி.மீ. ஓட்டி, மறுபடி இரண்டையும் மாற்றுங்கள். அந்த முதல் ஆயில் சாதாரண மினரல் ஆயிலாக இருந்தால் போதும். ஊற்றும்போது மூன்று லிட்டர் கேனை அப்படியே கவிழ்க்காமல், இரண்டரை ஊற்றி டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.

கேள்வி: டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது, ஆனால் பழையது. மாற்றணுமா? (நாகர்கோவில்)

பதில்: பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள். 3517 என்றால் 2017-ஆம் ஆண்டு 35-ஆவது வாரம். ஆறு வருஷம் தாண்டி, பட்டன்களுக்கு நடுவே மயிரிழை வெடிப்பும் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஒரே இடத்தில் காற்றில்லாமல் நின்ற டயராக இருந்தால் வெடிப்பு தெரியாவிட்டாலும் நெடுஞ்சாலைக்கு வேண்டாம்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் பாதி விலைக்குக் கிடைக்குமாமே, எதை வாங்கலாம்? (செங்கல்பட்டு)

பதில்: கதவு, பானட், பம்பர், கண்ணாடி, ஹெட்லைட், சீட், பவர் விண்டோ மோட்டார் தாராளமாக வாங்கலாம். உங்கள் கலரிலேயே ஒரு கதவு அகப்பட்டால் பெயின்ட் செலவும் மிச்சம். ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் கடையிலேயே பேட்டரி வைத்து ஓட்டிக் காட்டினால் வாங்கலாம். பிரேக் பாகம், பால் ஜாயிண்ட், ஹோஸ், பெல்ட், டயர், ஏர்பேக் எதையும் பழையதாக வாங்கக் கூடாது. பழைய எஞ்சினை மாற்றினால் அந்த நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், பில் இல்லாமல் அது நடக்காது.

புதுப் பாகத்துக்குக் கம்பெனி டப்பாவே வேண்டும் என்பதும் இல்லை. ரானே பிரேக் பேட், என்ஜிகே பிளக் போன்றவற்றை அவரவர் பெயரிலேயே ஸ்பேர்ஸ் கடைகளில், சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில், வாங்கலாம். 'டூப்ளிகேட், நல்லா இருக்கும்' என்று பெயரில்லாத டப்பாவை நீட்டினால் வாங்க வேண்டாம்.

கேள்வி: வருஷா வருஷம் ஏ.சி. கேஸ் நிரப்ப வேண்டுமா? (மதுரை)

பதில்: இல்லை. கேஸ் தீர்ந்துபோகிற சாமான் அல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் அடித்துக் கசிவைப் பார்த்து, அரை மணி நேரம் வேக்கம் இழுத்த (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்த) பிறகுதான் நிரப்ப வேண்டும். வேக்கம் இழுக்காமல் நேராக அடிக்கும் கடையில் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: மழை வெள்ளத்தில் நின்ற காரை எப்படிக் கண்டுபிடிப்பது? (தாம்பரம்)

பதில்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. கழுவி, வாசனை அடித்து விற்றுவிடுவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். சீட் அடி ஸ்பிரிங்கிலும், சீட் நகரும் தண்டவாளத்தின் திருகுகளிலும் துரு இருக்கும். ஃப்யூஸ் பெட்டி முனைகளில் பச்சை பூத்திருந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம். அந்த வயரிங் கோளாறுக்கு முடிவே இராது.

கேள்வி: பேப்பர் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்? 2012 காருக்கு இன்னும் எத்தனை வருஷம்? (மறுபடியும் திருச்சி வாசகர்)

பதில்: சொந்தக் காரின் பதிவு 15 வருஷம். உங்களுடையது 2027-இல் முடியும், தேதியை ஆர்.சி.யில் பாருங்கள். அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாக, படிவம் 25 கொடுத்து, ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கலாம். 15 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக்கினார்கள். பசுமை வரி தனி. இதைச் சொல்லியே விலையில் ஐந்தாறாயிரம் குறைத்துக் கேட்கலாம், நியாயமான பேரம்தான்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. லோனில் வாங்கிய காராக இருந்தால் கடன் முடிந்தாலும் ஆர்.சி.யில் பாங்க் பெயர் அப்படியே இருக்கும். படிவம் 35-உம் பாங்கின் என்.ஓ.சி.யும் கைக்கு வந்த பிறகே முழுப்பணம் கொடுங்கள். பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நிலுவை அபராதம் இருக்கிறதா பாருங்கள், கட்டாமல் பெயர் மாறாது.

இரண்டு வருஷமாக நின்ற காருக்கு இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் காலாவதியாகி இருக்கும். உறவினர் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்குக்கூட ஓட்டி வர முடியாது. மூன்றாம் நபர் பாலிசியையாவது எடுங்கள், 1,000 சிசிக்குக் கீழே இருப்பதால் கட்டணமும் குறைந்த தட்டில்தான் வரும். பிரேக் வேலை முடியாமல் ஓட்டுவது எப்படியும் சரியில்லை, டோயிங் வண்டியில் ஏற்றி நேராக ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டு போய்விடுங்கள்.