சோறு இறங்கலையா, மொதல்ல வாயத் தொறந்து பாருங்க: பல் டாக்டரக்கா பதில்கள்

அம்பாசமுத்திரம்: அக்கா, எங்க ஆச்சிக்கு 2 மாசமா உறைப்பு பட்டாலே வாய் எரியுது, இப்ப சோறும் முழுங்க முடியலங்காவ. வெத்தல பாக்குதான் போடுவாவ, போயில கெடையாது.

பதில்: தங்கச்சி, பாக்கு இருக்குல்லா, அது போதும். பாக்கு கன்னத்து உள்தோல நார் நாரா இறுக்கிரும், மொதல்ல எரியும், பொறவு வாய் தொறக்காது, அப்புறம் தொண்டப் பக்கம் வரைக்கும் இறுகி முழுங்கவே கஷ்டமாயிரும். ஆச்சி கையில மூணு வெரல சேத்து நெட்டுக்குத்தா முன்பல்லு நடுவுல வைக்கச் சொல்லுங்க, போகுதான்னு பாத்துட்டு எழுதுங்க.

மேலப்பாளையம்: ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கேன். நாக்குல வெள்ளப் படலம், முழுங்கினா வலிக்கு.

பதில்: பூஞ்சையா இருக்கும், டாக்டர்ட்ட காட்டி மருந்து வாங்குங்க. இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும். சுகரும் பாருங்க.

வண்ணார்பேட்டை: கடவாப்பல் வலி, தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் வீங்கிட்டு, எச்சிகூட முழுங்க முடியல.

பதில்: இப்பமே ஆட்டோ புடிச்சு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, விடியட்டும்னு இருக்காதீங்க. அந்த வீக்கம் நாக்க மேல தள்ளி மூச்ச அடைச்சிரும்.

களக்காடு: எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் முறுக்கான் போட்டாவ, ஒண்ணும் ஆகல. வெத்தல மருந்துல்லா, ஏன் பயமுறுத்துதீங்க?

பதில்: அண்ணாச்சி, வெத்தலய நான் எங்க குத்தம் சொன்னேன்? பாக்கைத்தான் குத்தம் சொல்லுதேன். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே சொல்லிட்டு, போயில சேராத வெறும் பாக்கே புற்றுநோய் வரவைக்கும்னு. தாத்தா தப்பிச்சாவ, சந்தோசம். ஆனா போன மாசம் 34 வயசுப் பையன் ஒருத்தன் பல்லு வலின்னு வந்தான், நான் பாக்குத கண்ணாடிகூட வாய்க்குள்ள போகல, கன்னத்துல வெரல விட்டுத் தடவினா வார் வாரா தட்டுது. கஞ்சியக் கரைச்சுத்தான் குடிக்கானாம். சட்டைப் பையில அப்பவும் பாக்குப் பாக்கெட்டு. பாக்கு போடுதத விட்டா மேல முத்தாம தடுக்கலாம், இறுகினது தானா எளகாது. இதுல செல பேருக்கு புற்றுநோயாவும் மாறும், அதான் கெடந்து கத்துதேன்.

சேரன்மாதேவி: பாக்கு மட்டும் போட்டா பரவால்லையா?

பதில்: மேல படிங்க.

பேட்டை: சீவல்?

பதில்: சீவலும் பாக்குதான்!! மேல படிங்க.

தென்காசி: வாய்ல ஒண்ணுமில்ல, சாப்பாடு நெஞ்சுக்குள்ள அடைக்கு.

பதில்: அது உணவுக்குழாய் விசயம், குடல் டாக்டரப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க.

ராதாபுரம்: நாக்கு ஓரத்துல புண்ணு, 3 வாரமாச்சு, வலியில்ல.

பதில்: வலியில்லன்னு விடாதீங்க. 2 வாரத்துக்கு மேல ஆறாத புண்ண சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்தே ஆகணும். கூர்ப்பல்லு உரசுதான்னும் பாப்பாங்க.

அம்பாசமுத்திரம்: அக்கா, ஆச்சிக்கு ரெண்டு வெரல் போகவே இடிக்கு.

பதில்: நாளைக்கே பக்கத்துல ஒரு பல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கு ராத்திரியே அந்த வெத்தலச் செல்லத்த ஒளிச்சு வைங்க, ஆச்சி ஏசினா ஏசட்டும்.