மாநகராட்சி கான்ட்ராக்டுக்கு ஆள் எடுக்கும்போது ஆதார் ஜெராக்ஸ் போதுமா?

போதாதுங்க. திருப்பூர்ப் பக்கம் துப்புரவு வேலைக்கு ஏஜென்ட் மூலமா முப்பது நாப்பது பேரை இறக்கப் போறேன்னு எழுதியிருக்கீங்க. வாட்ஸ்அப்பில் வந்த ஆதாரைப் பிரிண்ட் போட்டு ஃபைலில் கோர்க்கிறதுக்குப் பேரு சரிபார்ப்பு இல்லை.

அசல் கார்டை வாங்கி, க்யூஆர் கோடை ஆதார் ஆணையத்தோட செயலியிலேயே ஸ்கேன் பண்ணுங்க. சாதாரண ஸ்கேனரில் வெறும் எண்ணா ஓடும். செயலியில் திறக்கிற போட்டோவை எதிரில் நிக்கிற முகத்தோட ஒப்பிடுங்க. கார்டு மேல இருக்கிற போட்டோவை நம்ப வேண்டாம். அடுத்தவர் கார்டில் படத்தை மட்டும் மாத்தி பிளாஸ்டிக்கில் அடிச்சுக் கொடுத்துடலாம். கோடுக்குள்ள டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதால அங்க கை வைக்க முடியாது. ஆணையத்தோட இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தா வயது வரம்பு, பாலினம், மாநிலம், செல் நம்பரோட கடைசி மூணு எண் வரும். அது நம்பருக்கான சோதனை, ஆளுக்கானது இல்லை.

ஆதார் குடியுரிமைச் சான்று ஆகாதுன்னு 2016 ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்லுது. 182 நாள் இங்க தங்கின வெளிநாட்டவரும் வாங்கலாம். அதனால வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், பிறப்புச் சான்றுன்னு இன்னொண்ணும் கேளுங்க. நேபாளக்காரரைத் திருப்பி அனுப்பிடாதீங்க. அவங்க விசா இல்லாமலே இங்க வேலை பார்க்கலாம், அந்நாட்டுக் குடியுரிமைச் சான்றைப் பாருங்க.

வயசுக்கும் ஆதார் உதவாது. 2024 ஜனவரியில் பிஎஃப் நிறுவனமே பிறந்த தேதிச் சான்றுகள்ல இருந்து அதை எடுத்துடுச்சு. மீசை அரும்பாத பையனுக்குக் கார்டில் 19னு இருந்தா பள்ளிச் சான்றிதழ் வேணும்.

யூஏஎன், அதாவது பிஎஃப்புக்கான நிரந்தர எண், இல்லாத ஆளுக்கு முதல் நாளே எடுத்துடுங்க. 2025 ஆகஸ்டிலிருந்து, நேபாளக்காரர் மாதிரி வெளிநாட்டவரைத் தவிர மத்தவங்க அரசோட உமங் செயலியில் முகம் காட்டினாத்தான் புது எண் வரும்; ஆள்மாறாட்டம் அங்கேயே நிக்கும். மாசக் கடைசிக்குத் தள்ளினா அதுக்குள்ள ஆளே மாறியிருப்பார்.

வடக்கத்திய ஆளுகளை விரட்டச் சொல்றேன்னு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மேற்கு வங்கத்து மால்டாக்காரர் பேசுறதும் வங்காளம், எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்து ராஜ்ஷாஹிக்காரர் பேசுறதும் வங்காளம். யார் எந்த நாட்டுக்காரர்னு காதால கேட்டு முடிவு பண்ணவே முடியாது. தாராபுரத்துக்காரருக்கும் அதே ஸ்கேன் பண்ணுங்க. பார்த்ததும் கார்டைக் கையோட திருப்பிக் கொடுத்துடுங்க. பீரோவில் பூட்டி வைக்கிறது ஆளைப் பிடிச்சு வைக்கிற வேலை.

இன்னொண்ணு மனசுல கிடக்குது. ஒப்பந்ததாரர் கூலி தரலைன்னா வேலை கொடுத்த அலுவலகமே தரணும்னு 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வச்சிருந்தாங்க. டெண்டர் கட்டில் ஆதார் நகலை எண்ணிப் பார்க்கிற அலுவலகங்கள், கூலிச் சீட்டையும் அதே மாதிரி ஒவ்வொண்ணாப் புரட்டிப் பார்க்கணும்ங்க.